சிசுவின் அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திருக்கலாமா?

கருப்பையிலுள்ள சிசுவுக்குத் தேவையான ஒட்சிசன் முழுவதும் தாயின் குருதியிலிருந்து சூல்வித்தகத்தினூடாகவே கிடைக்கின்றது. சிசுவின் குருதியில் ஒட்சிசனின் அமுக்கம் தாயின் நாடிக் குருதியிலுள்ளதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே ஆகும். பிரித்தானிய உடற்றொழிலியல் அறிஞர் ஜோசப் பார்குரொஃப்ட் இந்நிலையை எவரெஸ்ட் சிகரத்தில் இருப்பதற்கு ஒப்பிட்டார்.

எனினும் சிசு நலமாகவே வளர்கின்றது. அதன் ஈமோகுளோபின் தாயினுடையதைவிட ஒட்சிசனை இறுகப் பற்றும் இயல்புடையது. இதயத்தின் சோணையறைகளுக்கு இடையிலுள்ள துவாரத்தின் வழியாக, ஒட்சிசன் கூடிய குருதி மூளைக்கும் இதயத் தசைக்கும் முதலில் சென்றடைகின்றது.

இந்த ஒட்சிசனும் திடீரெனக் குறைந்தால் என்ன நிகழும்? கழுத்து நாடிகளிலுள்ள உணரிகள் அதனை அறிந்தவுடன் இதயத்துடிப்பு மந்தமடைகின்றது. கை, கால், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. மூளை, இதயம், அதிரீனல் சுரப்பி ஆகியவற்றுக்கே குருதி திருப்பப்படுகின்றது. வறுமையுற்ற குடும்பம் ஏனைய செலவுகளைக் குறைத்து உணவை மட்டும் காப்பாற்றுவது போன்றதே இது. இந்நிலை நீடித்தால் அமிலம் பெருகி, இதயத் தசையே சோர்ந்து, மூளையும் பாதிப்புறும்.

தாயின் உயர் குருதியமுக்கம், சூல்வித்தகக் குறைபாடு போன்றவற்றால் பல வாரங்களாக ஒட்சிசன் குறைவதும் உண்டு. அப்போது சிசுவின் வளர்ச்சி குன்றுகின்றது. அதனைச் சூழ்ந்த நீர் குறைகின்றது. சக்தியைச் சேமிக்க அது அசைவையும் குறைத்துக் கொள்கின்றது. தாய் தானே உணரக்கூடிய அறிகுறி இவ்வசைவுக் குறைவேயாகும்.

"பிள்ளை உறங்குகின்றது", "மாதம் நெருங்கினால் அசைவு குறையும்" என்று மூத்தோர் ஆறுதல் கூறுவதுண்டு. சிசுவின் உறக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடங்களே நீடிக்கும். 90 நிமிடங்களைத் தாண்டுவது அரிது. பிரசவம் நெருங்குவதால் அசைவு குறையும் என்பதும் சரியன்று. இனிப்புப் பானம் அருந்திவிட்டு மறுநாள்வரை காத்திருப்பது பொன்னான நேரத்தை இழப்பதாகும்.

மாத்தளை மாவட்டத்தில் இது மேலும் முக்கியமானது. எல்கடுவைத் தோட்டங்களிலிருந்தோ, லக்கலை, வில்கமுவ கிராமங்களிலிருந்தோ மலைப்பாதை வழியாக இரவில் மாத்தளை வைத்தியசாலைக்கு வருவது எளிதன்று. ஆதலால் வாகன வசதியை முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைப்பது குடும்பத்தினரின் கடமையாகும். குடும்ப சுகாதார உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கமும் கைவசம் இருத்தல் வேண்டும்.

அசைவு குறைந்த சிசுக்கள் எல்லாம் ஆபத்தில் இருப்பதில்லை. பெரும்பாலானவை நலமாகவே பிறக்கின்றன. ஆயினும் அதனைத் தீர்மானிக்க வேண்டியது வீட்டாரல்லர். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரையான இதயத்துடிப்பைப் பதிந்தும், மூளைக்குச் செல்லும் குருதியோட்டத்தை டொப்ளர் ஸ்கேன் மூலம் அளந்தும் வைத்தியர்களே அதனை அறிய முடியும். அரச வைத்தியசாலைகளில் இச்சேவை இலவசமானது. வீண் பயணமாயிற்றே என்று எந்தத் தாயும் வெட்கப்படத் தேவையில்லை.