பிளேன்ரீயில் ஏன் ‘ரீ’?

யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ‘பிளேன்ரீ’ என்று எழுதியிருக்கும். பால் விடாத தேத்தண்ணி. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அதை வாசித்துவிட்டு, ‘டீ’யை ஏன் பிழையாக எழுதுகிறீர்கள் என்று கேட்பார்கள். பிழையில்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே ஆறுதலாகக் கேளுங்கோ.

முதலில் ‘நெற்றி’ என்று சொல்லிப் பாருங்கோ. தமிழ்நாட்டு வாயில் அது ‘நெட்ரி’ போல அதிர்ந்து வரும். யாழ்ப்பாணத்தில் அந்த அதிர்வு இல்லை. மேற்பல்லுக்குப் பின்னால் இருக்கும் முரசில் நாக்கு நுனி ஒட்டி, சட்டென்று விடுபடும். மலையாளத்திலும் இதே ஒலி இருக்கிறது. ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்தைச் சொல்லும்போது ஆங்கிலேயரின் நாக்கும் அங்கேதான் தொடும். நாக்கை மடித்துச் சொல்லும் ‘ட’வுக்கு இடம் வேறு.

1823இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். அந்தப் பள்ளிக்கூடம் ஆங்கிலம் படிப்பித்தது ஒரு பக்கம். ஆங்கிலச் சொற்களுக்கு எழுத்தைத் தேர்ந்தது காதுதான். பற்றறி, ரிக்கற், மீற்றர், லீற்றர் என்று அது ‘நெற்றி’யின் றகரத்தைச் சரியாகவே தேர்ந்தது. இலங்கைப் பாடநூல்களில் இன்றும் ‘மீற்றர்’தான்.

சிக்கல் சொல்லின் முதலில் வருகிறது. றகரம் சொல்லுக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் விதி. ரகரத்துக்கும் அந்த இடம் இல்லைதான், ஆனாலும் கண்ணுக்குப் பழகிய எழுத்து என்பதால் அதை வைத்துக்கொண்டோம்: ரயர், ரோச், ரெலிபோன். எழுத்து ரகரம், ஒலி வேறு. அப்படியானால் உண்மையான ரகர ஒலியோடு தொடங்கும் ஆங்கிலச் சொல்லை என்ன செய்வது? பலர் விதியை மீறி றேடியோ, றோட்டு என்று எழுதினார்கள். ‘ரொறன்ரோ’வைப் பாருங்கோ, இரண்டு ஒலியும் ஒரே சொல்லில் தனித்தனியாக நிற்கின்றன. புதிதாக வாசிப்பவருக்கு இது கடினம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டீசலுக்கும் ரீக்கும் முதலொலி வேறு என்பதை எழுத்திலேயே காட்டுகிற முறை இது. அந்த நுட்பம் எனக்குப் பெரிது.

உயிரெழுத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் ‘டாலர்’, இங்கே ‘டொலர்’. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ‘கொப்பி’ கேட்டால் பால் காய்ச்சாதேயுங்கோ. அது எழுதுகிற புத்தகம். குடிப்பது ‘கோப்பி’.

இப்போது தொலைக்காட்சியையும் கைபேசியையும் பார்த்துப் பிள்ளைகள் ‘டயர்’ என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். ‘ரயர்’ என்று எழுதுகிற பிள்ளையின் கொப்பியில் மட்டும் சிவப்புக் கோடு போடாதேயுங்கோ, ரீச்சர்.