அவதானமும் இடைவேளையும்

மூன்று மணி நேரம் தொடர்ந்து நடக்கும் கல்லூரி வகுப்பில், நடுவே பத்து நிமிஷம் எழுந்து வெளியே போய்வர மாணாக்கர் விரும்பினால், அதைச் சோம்பல் என்று கொள்வதா, சரீர தர்மம் என்று கொள்வதா என்ற கேள்விக்கு ஆசிரியர் உலகம் பெரும்பாலும் முதல் விடையையே கூறிவந்திருக்கிறது. விஞ்ஞானம் இரண்டாவது விடையின் பக்கம் சாய்கிறது. ஆயினும் அந்த முடிவுக்கு வித்திட்ட முக்கியமான ஆராய்ச்சி பிறந்தது வகுப்பறையிலன்று, யுத்த களத்திலே.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பிரிட்டிஷ் விமானங்கள் கடலின்மேல் மணிக்கணக்காகச் சுற்றிவந்தன. அவற்றில் ரேடார் திரையின்முன் அமர்ந்திருந்த வீரர்கள், தக்க பயிற்சி பெற்றிருந்தும், நேரம் ஆக ஆகத் திரையில் தோன்றும் அடையாளங்களைக் காணாமல் விட்டார்கள். இதன் காரணத்தை ஆராய முற்பட்ட கேம்பிரிட்ஜ் உளவியலறிஞர் நார்மன் மாக்வொர்த், எண்களே இல்லாத வெற்றுக் கடிகார முகம் ஒன்றில் ஒரு முள்ளை விநாடிக்கு ஓரடியாக நகரச் செய்தார். எப்போதாவது அது ஈரடி தாவும். தாவியதைக் கண்டவர் உடனே தெரிவிக்க வேண்டும். வேலை அவ்வளவே, ஆனால் இரண்டு மணி நேரம். முதல் அரைமணி கழிந்ததுமே கண்ணுக்குத் தப்பிய தாவல்கள் பெருகிவிட்டன. அரைமணி வேலை, அரைமணி ஓய்வு என்று மாற்றி மாற்றி வைத்தபோதோ அவதானம் குன்றவில்லை. இதனினும் எனக்குச் சுவையாகப்படுவது வேறொன்று: பரிசோதனையின் நடுவே தொலைபேசி ஒலித்து, இன்னும் நன்றாகக் கவனிக்கும்படி ஒரு குரல் கேட்டுக்கொண்டபோது, போன கவனம் சிறிது நேரத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆகவே களைத்துப்போனது கண்ணன்று. மாறுதலின்றி ஒன்றிலேயே கட்டுண்டு கிடந்த மனம்.

வகுப்பறை ரேடார் அறையன்று என்று ஆட்சேபிக்கலாம், ஆட்சேபம் நியாயமானதே. பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குமேல் மாணாக்கர் கவனம் நில்லாது என்று அடித்துச் சொல்லப்படும் கூற்றை 2007இல் வில்சன், கார்ன் என்ற இரு உளவியலறிஞர்கள் பரிசீலித்து, அதற்குப் போதிய ஆதாரம் இல்லையென்றே கண்டார்கள். நல்ல ஆசிரியரும் நல்ல விஷயமும் கூடிவிட்டால் ஒரு மணி நேரம் போனதே தெரியாத அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு.

ஆனால் இடைவேளையின் பயன் களைப்புத் தீர்ப்பதோடு முடிவதில்லை. ஜெர்மனியின் கெட்டிங்கன் சர்வகலாசாலையில் முல்லர், பில்ட்செக்கர் என்ற இருவர், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்வித்து நடத்திய நெடிய பரிசோதனைகளை 1900ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு பட்டியலைக் கற்றவுடன் மற்றொன்றைக் கற்கச் சொன்னால் முதற் பட்டியல் பெரிதும் மறந்துபோயிற்று; நடுவில் சில நிமிஷம் சும்மா விட்டால் நினைவு கூடுதலாக நின்றது. சுவரில் ஒரு பூச்சு இறுகுமுன் அதன்மேல் மறு பூச்சை ஏற்றுகிற கொத்தனை எவரும் கெட்டிக்காரன் என்று சொல்வதில்லை.

இடைவேளை வேண்டும் என்பதற்கு அறையின் காற்றும் ஒரு காரணம். கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த அறை மனிதர் தங்கத் தக்கதன்று என்று மியூனிக் நகரத்துச் சுகாதார நிபுணர் பெட்டன்கோஃபர் 1858இலேயே வரையறுத்தார். அந்த அளவில் அவ்வாயு விஷமன்று, பலருடைய மூச்சால் காற்றுக் கெட்டுவிட்டது என்பதற்கு அது சாட்சி.

இனி, கூச்சத்தால் பேசாமல் விடப்படும் விஷயம். சாதாரணமாகச் சிறுநீரகங்கள் மணிக்கு ஏறக்குறைய அறுபது மில்லிலிட்டர் சிறுநீரைச் சுரக்கின்றன. சிறுநீர்ப்பை இருநூறு மில்லிலிட்டர் அளவில் நிரம்பும்போதே உணர்ச்சி தோன்றிவிடுகிறது. ஆகவே தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர் மூன்று மணி நேரப் பிராக்டிகல் வகுப்பில் அவஸ்தைப்படுவது கணக்கின்படியே நடக்கிற காரியம். அத்தனை பேர் முன்னிலையில் கைதூக்கி அனுமதி கேட்கக் கூசி, காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்த்துவிடும் மாணவிகள் பலர். மூத்திரக் குழாயின் நீளம் குறைவாயிருப்பதால் கிருமித் தொற்று எளிதில் பற்றக்கூடியவர்களும் அவர்களே. அனுமதி மறுக்கும் ஆசிரியர் ஒழுங்கைக் காப்பதாகவே நினைக்கிறார். அவர் உண்மையில் கையாள்வது ஒரு வைத்திய விஷயத்தை.

மாக்வொர்த்தின் ஆராய்ச்சி அச்சேறிய 1948ஆம் ஆண்டிலேதான் நம் நாட்டில் தொழிற்சாலைச் சட்டமும் நிறைவேறியது. அதன் 55ஆம் பிரிவு, அரைமணி இடைவேளையேனும் கொடாமல் வயதுவந்த தொழிலாளியிடம் ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது என்று விதித்தது. மாணாக்கரோ கூலி பெறுபவரல்லர், கட்டணம் கொடுப்பவர்; ஆகையால் அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு எட்டவில்லை. இடைவேளை அவர்களுக்கு உரிமையாக அன்றி, கால அட்டவணை போட்டவருடைய தயவாகவே கிடைத்துவருவது விசித்திரமே.

இடைவேளை விட்டால் பாதிப் பேர் திரும்புவதில்லை, பாடமும் முடிவதில்லை என்பது பேராசிரியர்கள் கூறும் மறுப்பு. பாடம் முடிவதென்பது சொல்லி முடிப்பதா, மாணாக்கர் மனத்தில் தங்குவதா என்பதை அவர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும். திரும்பாதவர் பிரச்சினைக்கோ பரிகாரம் எளிது: ஆஜரை இடைவேளைக்குப் பிறகு எடுக்கலாம்.