பாலாற்றங்கரையிலிருந்து தங்கவயலுக்கு

பெங்களூருவுக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர, தமிழக எல்லைகள் நெருங்கிவரும் மேட்டுநிலத்தில் அமைந்த கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் கம்பெனிகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1802இல் நில அளவைக்கு வந்த ஜான் வாரன், மாரிக்குப்பம் பகுதியில் ஊரார் மண்ணை அரித்துப் பொன்துகள் எடுப்பதைப் பதிவுசெய்தார். 1875இல் மைசூர் அரசிடம் உரிமம் பெற்ற மைக்கேல் லாவெல் உரிகாமில் குழி தோண்டினார். அவர் கைமாற்றிய உரிமை, 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு வந்தது. வரிசை சரியானதே. ஆயினும், வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளைப் போல ஒரே கனிமத்தை நம்பி எழுந்த ஓர் ஊரை உரிமதாரர் பெயர்களால் மட்டும் விளங்கிக்கொள்ள இயலாது.

சுரங்கத்துக்கு வேண்டிய ஆட்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் வந்தனர். அவர்களுள் மிகப் பலர் நிலமற்ற தலித் குடும்பத்தினர். தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரியை நிரப்பும் பாலாறு, அக்குடும்பங்கள் விட்டுவந்த வட ஆர்க்காட்டு ஊர்களின் வழியாகவே கடலுக்குச் செல்கிறது என்பது, பிழைப்பு தேடிய அப்பயணத்தின் திசையை நிலப்படத்திலேயே காட்டிவிடும். பண்ணையாரின் தயவை நம்பாமல் கூலியைக் காசாகப் பெறும் வாய்ப்பு அவர்களை ஈர்த்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை பூமிக்கடியில் இருந்தது.

தங்கம் அங்கே கட்டிகளாகக் கிடைப்பதில்லை. பழம்பாறைகளின் பிளவில் பலகைபோல் சாய்ந்திறங்கும் வெண்கல் படிவமான ரீஃபில் அது நுண்துகள்களாகக் கலந்திருக்கிறது. அப்படிவத்தைத் துரத்திய சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றானது; அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. ரீஃபை வெட்டி எடுத்த வெற்றிடத்தைச் சுற்றியுள்ள பாறைமீது மேலிருக்கும் பாரமெல்லாம் சாய்வதால், தாங்கமாட்டாத இடத்தில் அது திடீரெனச் சிதறும். நில அதிர்வாக மேலே வீடுகளிலும் உணரப்பட்ட அச்சிதறலைச் சுரங்கத்தார் ஏர் பிளாஸ்ட் என்றனர். ஓசையின்றிக் கொன்றது தூசி. பாறையைத் துளையிடும்போது எழும் சிலிக்காத் துகள் நுரையீரலில் படிந்து அதை இறுகச் செய்யும் சிலிக்கோசிஸ் நோய், 1940க்கும் 1946க்கும் இடையே பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளர்களில் ஏறத்தாழ 44 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. சுரங்கம் ஈட்டிய இலாபக் கணக்குகளுக்குப் பக்கத்திலேயே இந்த எண்ணும் அச்சிடப்பட வேண்டியது.

சுரங்கத்தின் தேவைக்காகவே காவிரியின் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைக்கப்பட்டு, 1902 ஜூனில் சுமார் 147 கிலோமீட்டர் கம்பிவழியே தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூரு நகரம் அதைப் பெற 1905 வரை காத்திருந்தது. அதே சுரங்கத்தின் ஆழத்தில், மேலிருந்து வரும் அண்டக்கதிர்களைப் பாறை தடுத்துவிடும் வசதியைப் பயன்படுத்தி, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்களும் 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தனர்.

தொழிலாளர் வாழ்ந்தது லைன் எனப்பட்ட குடியிருப்பு வரிசைகளில். அங்கே கூலி வேலையோடு எழுத்தும் வளர்ந்தது என்பது தமிழ்நாட்டிலேயே போதிய அளவு நினைக்கப்படாத செய்தி. அயோத்திதாச பண்டிதரின் தமிழ்ப் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது; அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை, அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளியிட்டார். பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீஃபின் சித்தார்த்த புத்தகசாலை பதிப்பித்தது. 1930இல் தொழிலாளரின் கைரேகையைக் கட்டாயமாகப் பதிவுசெய்ய நிர்வாகம் முனைந்தபோது, குற்றவாளிகளுக்குச் செய்வதைத் தங்களுக்குச் செய்வதா என்று வெகுண்ட தொழிலாளர்கள் மூன்று வாரங்கள் வேலைநிறுத்தம் செய்ததை, இந்த வாசிப்புப் பழக்கத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை மத்திய அரசிடம் சென்று, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் ஆயின. தொடக்கக் காலத்தில் டன்னுக்கு நாற்பது கிராமை ஒட்டியிருந்த தங்க அளவு இறுதியில் மூன்று கிராம் அளவுக்குச் சுருங்கிவிட, 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் தந்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அதன்பின் மாரிக்குப்பத்தில் புறப்படும் விடியற்கால ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர்.

அரைத்த கல்லிலிருந்து சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவுமண், 13 குன்றுகளாக, ஏறத்தாழ 3.3 கோடி டன் அளவில் ஊரைச் சூழ்ந்து கிடக்கிறது. கோடைக்காற்றில் அதன் தூசி வீடுகளுக்குள் வந்து படிகிறது. அம்மண்ணில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. குவிந்த மண்ணை வாரிக் கரைசலில் வடிப்பது பெரிதும் எந்திரங்களின் வேலை. ஆழ்சுரங்கம் கேட்ட ஆட்களில் சிறு பங்கே அதற்குப் போதும் என்பதால், அத்திட்டம் நிறைவேறினாலும் விடியற்கால ரயிலில் கூட்டம் குறையுமென எதிர்பார்ப்பதற்கில்லை.