ஓர் இரவுக்காகச் செய்த விளக்கு

அயர்லாந்தில் மேயோ மாவட்டத்து அருங்காட்சியகம் ஒன்றில் விகாரமான ஒரு முகம் இருக்கிறது. குழிந்த கண்கள், கோணல் வாய், இரண்டொரு பற்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கின் அச்சு அது. டொனகல் மாவட்டத்து ஃபின்டவுனைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஒருவர் 1943-இல் அசல் விளக்கை தேசிய அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அது உதிரும் நிலையில் இருந்ததால் பாரிஸ் சாந்தில் அச்சு எடுத்து வைத்தார்கள்.

அக்டோபர் 31 இரவு ‘ஹாலோவீன்’. ஆவிகள் உலவும் இரவு என்று நம்பிய மக்கள் இப்படி முகம் செதுக்கி உள்ளே நெருப்பு வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய அயர்லாந்துக்காரர்களுக்கு அங்கே இன்னும் வசதியான காய் கிடைத்தது. அதுதான் பரங்கிக்காய். (அமெரிக்கக் கண்டத்துக் காய் அது. கடல் கடந்து நம்மிடம் வந்த கதை ‘பரங்கி’ என்ற பெயரிலேயே இருக்கிறது, அல்லவா?)

குடைந்த காய் சில நாளில் அழுகிவிடும். எனவே கடைகளில் காகிதக்கூழ் விளக்குகள் வந்தன. முதலில் ஜெர்மனியிலிருந்து, 1940-களிலிருந்து அமெரிக்க ஆலைகளிலிருந்து ஏராளமாக. முட்டை அட்டை செய்யும் அதே முறைதான். பழைய காகிதத்தை நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, கம்பிவலை அச்சை அதில் அமிழ்த்தி, வலையின் மறுபுறமிருந்து நீரை உறிஞ்சுவார்கள். நார்கள் வலைமேல் படியும். காயும்போது செல்லுலோஸ் நார்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பசை வேண்டியதில்லை! பிறகு ஆரஞ்சு வண்ணம் பூசி, கண்ணுக்கும் வாய்க்கும் உட்புறம் மெல்லிய வண்ணத் தாள் ஒட்டுவார்கள்.

காகிதத்துக்குள் எரியும் மெழுகுவத்தி! பல விளக்குகள் தீக்கிரையாயின. மற்றவை மழையில் நனைந்தன, குப்பைக்குப் போயின. யாரும் வருந்தவில்லை, அடுத்த ஆண்டு புதிது வாங்கலாமே. தப்பியவை சிலவே என்பதால்தான் சேகரிப்போர் இன்று அவற்றுக்குப் பெரும் விலை தருகிறார்கள். விலை ஏறினால் போலியும் வரும். புதிய பொருளைத் தேநீர்க் கறையால் பழசாக்கிவிடுகிறார்கள்.

இங்கே புறஊதா விளக்கு உதவுகிறது. காகிதத்தை வெண்மையாகக் காட்டும் ஒளிரும் வேதிப்பொருள்கள் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் பரவலாயின. சலவைத்தூளிலும் இவை உண்டு. கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக உமிழ்பவை. எனவே ‘1920-இல் செய்தது’ என்று விற்கப்படும் விளக்கின் தாள் இருட்டில் பளீரென நீலவெண்மையாக ஒளிர்ந்தால் ஐயப்படலாம். ஆனால், மாணவர்களே, ஒளிராததாலேயே அது பழையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இப்பொருள் கலக்காத தாள் இன்றும் உண்டு.

அசலாகவே இருந்தாலும் அதைக் காப்பது எளிதன்று. மலிவான காகிதத்தில் எஞ்சும் லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகும். அமிலம் நார்களைத் துண்டு துண்டாக்கும். ஈரம் பூஞ்சையை அழைக்கும். வெயில் படாத, உலர்ந்த அலமாரியே ஏற்ற இடம். மெழுகுவத்தி கூடவே கூடாது.

சிலர் உட்புறக் கரியைத் துடைத்துப் பளபளப்பாக்கப் பார்க்கிறார்கள். அதை விட்டுவைப்பதே நல்லது என்பேன். என்றோ ஓர் அக்டோபர் இரவில் ஒரு குழந்தை அதை ஏற்றிய அடையாளம் அந்தக் கரிதான்.