படம் பார்க்கும் கண்

டீ சூடாக இருக்கும்போதே கேளுங்கள் அண்ணே. எம்.டி.யில் உங்கள் மகள் ரேடியாலஜி எடுக்கலாமா, அதற்குள் எல்லாவற்றையும் ஏ.ஐ. பிடுங்கிக்கொள்ளுமா என்றீர்கள். தாராளமாக எடுக்கட்டும்.

இந்தப் பயம் புதிதல்ல. பின்னாளில் 2024-ல் இயற்பியல் நோபல் வாங்கிய ஏ.ஐ. விஞ்ஞானி ஜெஃப்ரி ஹிண்டன், 2016-லேயே சொன்னார்: ரேடியாலஜிஸ்டுகளை உருவாக்குவதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்று. கெடு தாண்டிவிட்டது, பல நாடுகளில் இன்னும் ஆள் பற்றாக்குறைதான்.

கணினிக்குத் திறமை இல்லாமல் இல்லை. சுவீடனில் 80,000 பெண்களை வைத்து மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில் அதைச் சோதித்தார்கள். 2023-ல் வந்த முடிவுப்படி, படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. புற்றுநோயைக் கண்டுபிடிப்பதில் குறைவில்லை. இதை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் படம் பார்ப்பதோடு வேலை முடிவதில்லையே. நுரையீரலில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறது என்று வையுங்கள். போன வருட எக்ஸ்ரேயில் அது இருந்ததா? எப்போதோ டி.பி. வந்து ஆறிய தழும்பா? இப்போது காய்ச்சல் இருக்கிறதா? அனுப்பிய டாக்டர் எதைச் சந்தேகப்படுகிறார்? போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் நல்ல ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவார்.

2018-ல் அமெரிக்காவில் ஒன்று தெரியவந்தது. நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய மென்பொருள், எக்ஸ்ரே எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையும் கண்டுகொண்டது. நிமோனியா நோயாளிகள் அதிகம் வரும் மருத்துவமனை எது என்று தெரிந்தால், நுரையீரலைச் சரியாகப் பார்க்காமலே ஊகித்துவிடலாம் அல்லவா? பழக்கமில்லாத மருத்துவமனைப் படங்களைக் கொடுத்தபோது பல தடவை தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தைப் பிடிக்க, படம் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

அந்தக் கண்ணும் பழக்கம் விட்டால் மங்கும். எனக்குக் கவலை அதில்தான். போலந்தில் அனுபவமுள்ள டாக்டர்கள் பெருங்குடல் எண்டோஸ்கோபிக்கு ஏ.ஐ. துணையை வைத்துக்கொண்டார்கள். அது வந்த பிறகு, அதன் துணையில்லாமல் செய்த பரிசோதனைகளில் கட்டிகளைக் கண்டுபிடிக்கும் விகிதம் 28 சதவீதத்திலிருந்து 22-க்கு இறங்கியது என்று 2025-ல் ஆய்வு வந்தது. காரணம் அதுதான் என்று உறுதிசெய்ய இன்னும் ஆய்வுகள் வேண்டும். அதுவரை, பயிற்சி டாக்டர்கள் முதலில் தாங்களே பார்த்து ரிப்போர்ட் எழுதிவிட்டுத்தான் கணினி சொன்னதைத் திறக்க வேண்டும் என்று மருத்துவக் கல்லூரிகள் விதி வைக்கலாம்.