மூக்கு தாழ்ந்த பிக்கப்

கலை இரவுக்கு மேடைச் சாமான்களை ஏற்ற நாங்கள் இரவல் வாங்குவது என் மாமாவின் ஹைலக்ஸ் பிக்கப்பைத்தான். முன்பக்கம் தாழ்ந்து நிற்கும் அதை மட்டமாக்க வேண்டுமென்று நான் அடம்பிடித்தேன். "பாரம் ஏத்துற வண்டிக்கு அழகு எதுக்குடா?" என்றார் மாமா.

அவர் கேட்டதில் இயற்பியல் இருந்தது. பின்புறப் பட்டை ஸ்பிரிங்குகள் பாரத்தை எதிர்பார்த்தே உயரமாக அமைக்கப்பட்டவை. பாரம் ஏறினால் வண்டி தானே மட்டமாகும். முன்பக்கத்தையும் உயர்த்திவிட்டால் அதே பாரத்தில் மூக்கு வானத்தைப் பார்க்கும்.

வளையத்தின் கனத்தில்தான் சூட்சுமம். முன் ஸ்பிரிங், கீழ்க்கரத்தின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி, அதன் தலையில் வைக்கும் ஓர் அங்குல வளையம் சக்கரத்தருகே ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயர்த்தும். கணக்குப் போடாமல் நான் பெரியதை வாங்கிவிட்டேன்.

ஜோர்ஜ்டவுன் பட்டறையொன்றில் மேல் பால் ஜாயின்டை விடுவித்து, ஸ்பிரிங் தொகுதியை இறக்கி, வளையத்தை முடுக்கினார்கள். சக்கரக் கோணம் மாறுமென்பதால் அலைன்மெண்டும் பார்த்தார்கள். முன்விளக்கை யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட.

அன்றிரவு சாமான்களோடு பாலிக் பூலாவ் மலைச்சாலையில் போனோம். எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் கண்கூசி ஓரத்து மண்ணில் இறங்கிவிட்டார். நல்லவேளை, விழவில்லை. மாமா வெகுநேரம் பேசவே இல்லை.

இப்போது இருப்பது அரையங்குல வளையம். பாரம் ஏற்றியபின் சுவரெதிரே நிறுத்தி, வெளிச்சம் விழும் உயரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாமா சாவியைத் தருகிறார்.