ஊருக்கு ஒரு மைக் செட், வீட்டுக்கு ஒருவர் கற்றுக்கொள்ளுங்கள்



குடும்ப நலப் பிரசுரத்தில் மைக் செட்டைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களுக்குத் தோன்றலாம். தாயும் சேயும் நலமாக இருக்க மாத்திரையும் தடுப்பூசியும் வேண்டும். அதைப்போலவே, ஆபத்து வரும்போது நேரத்தோடு ஒரு சொல்லும் வந்து சேர வேண்டும். கடலும் கொள்ளிடமும் சூழ்ந்த நம் கடலூர், சிதம்பரம் பகுதி மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை சுமார் 6.30 மணிக்குச் சுமத்ரா தீவு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அலை நம் கரைக்கு வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நம்மில் பெரும்பாலோர் காதுக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. தேவனாம்பட்டினத்திலும், புதுக்குப்பத்திலும், கிள்ளைப் பக்கத்துத் திட்டுகளிலும் எத்தனை குடும்பங்கள் குலைந்தன என்பது நீங்கள் அறிந்ததே.

கடலூருக்கு வடக்கே புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்று ஒரு மீனவர் கிராமம் உண்டு. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அலை உயரம், மீன் விலை இவற்றையெல்லாம் அதில் சொல்லுவார்கள். அன்று காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்ப் பையன் ஒருவர் செய்தியைக் கேள்விப்பட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் "எல்லாரும் ஓடுங்கள்" என்று அறிவித்தார்கள். படகும் வீடும் போயின. ஆனால் ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினார்கள்.

அவர்களுக்குப் போன் வந்தது, மைக் இருந்தது. அதை எடுத்துப் பேசவும் ஆள் இருந்தது. இதில் ஒன்று குறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

இப்போதுதான் கைப்பேசி இருக்கிறதே?

இருக்கிறது. எச்சரிக்கைச் செய்தியும் வருகிறது. ஆனால் 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, நம் மாவட்டத்தில் பல நாள் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் போனில் சார்ஜ் ஏது? பேட்டரியில் ஓடும் மைக் செட் அப்போதுதான் கை கொடுக்கும். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசும், தண்டோரா போடும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டு, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி சொல்லிவிட்டது.

இந்தச் செட் எப்படி வேலை செய்கிறது?

கையில் பிடிக்கும் வயர்லெஸ் மைக்கில் நீங்கள் பேசுகிறீர்கள். அது உங்கள் குரலை ரேடியோ அலையாக மாற்றி அனுப்புகிறது. சக்கரம் வைத்த ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் கருவி அதை வாங்கிப் பெரிதாக்கி ஒலிக்கிறது. நடுவில் வயர் கிடையாது. ஆகவே மழையில் வயரை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். ஆனால் மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவே கனமான சுவரோ கூட்டமோ வந்தால் குரல் விட்டு விட்டுக் கேட்கும். பெட்டி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்று பேசுவதே நல்லது.

செட்டைப் பொருத்தும் முறை

1. பெட்டியை மேசை மேலோ வண்டி மேலோ, ஆட்களின் தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். தரையில் வைத்தால் முன்னால் நிற்பவர்கள் உடம்பே சத்தத்தை வாங்கிவிடும். மின்கம்பிக்கு அடியில் வைக்க வேண்டாம்.

2. பெட்டியின் முகம் மக்களைப் பார்த்து இருக்கட்டும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து மக்கள் பக்கம் வீசினால் குரல் நன்றாகப் போகும்.

3. முதலில் சத்தத்தைக் குறைக்கும் திருகை முழுக்கக் குறைத்து வைத்துக்கொண்டு பெட்டியைப் போடுங்கள். பிறகு மைக்கைப் போடுங்கள். அதன் பிறகு சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

4. மைக்கோடு பெட்டிக்கு முன்னால் போகாதீர்கள். பெட்டியில் வரும் சத்தம் திரும்ப மைக்கிலேயே புகுந்து "கூ" என்று கூவும். கூவினால் பயப்பட வேண்டாம். பெட்டிக்குப் பின்னால் வந்து, சத்தத்தைச் சற்றுக் குறையுங்கள்.

5. மைக்கை நடுவில் பிடியுங்கள். தலையைப் பொத்திப் பிடித்தால் கூவும். வாலைப் பொத்தினால் சில மைக்குகளில் அலை சரியாகப் போகாது. வாய்க்கும் மைக்குக்கும் மூன்று நான்கு விரல் இடைவெளி போதும். தட்டிப் பார்க்கிறதும் ஊதிப் பார்க்கிறதும் மைக்கைக் கெடுக்கும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று பேசிப் பாருங்கள்.

6. மழை பெய்தால் பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்துங்கள், முகத்தை மூடாதீர்கள். ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்றுகொண்டு சார்ஜ் போடவே கூடாது.

ஒரே இடத்தில் வைத்து முழுச் சத்தத்தில் கத்துவதால் ஊர் முழுக்கக் கேட்காது. தூரம் இரு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். தெருமுனைக்குத் தெருமுனை நின்று, அளவான சத்தத்தில் சொல்லுங்கள். கைக்குழந்தையைப் பெட்டிக்கு அருகே கொண்டுவர வேண்டாம். பிஞ்சுக் காது தாங்காது.

என்ன சொல்ல வேண்டும்?

யார் பேசுவது, என்ன ஆபத்து, எங்கே எப்போது போக வேண்டும், எதை எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான். மெதுவாக, இரண்டு தடவை சொல்லுங்கள். உதாரணமாக:

"ஊராட்சியிலிருந்து பேசுகிறோம். கொள்ளிடத்தில் தண்ணீர் அதிகமாகத் திறந்துவிட்டார்கள். சாயங்காலம் 4 மணிக்குள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் முதலில் வாருங்கள். தாய் சேய் நல அட்டையையும் சாப்பிடும் மாத்திரையையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

அதிகாரிகளிடமிருந்து வந்த செய்தியை மட்டுமே சொல்லுங்கள். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று? சந்தேகம் இருந்தால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ல் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கரையில் நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். மேட்டுக்கு ஓடுங்கள் என்று சொல்லிக்கொண்டே ஓடுங்கள்.

யாருக்கு என்ன நோய், யார் எந்தக் குடும்பநல முறையைப் பின்பற்றுகிறார் என்பதை மைக்கில் ஒருபோதும் பேர் சொல்லிப் பேசக் கூடாது. முகாம் நடக்கும் நாளையும் இடத்தையும் சொல்லுங்கள், அது போதும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் இடம் தராது. பொது ஆபத்துக் காலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்ற நாட்களில் அனுமதி வாங்கிக்கொண்டே பயன்படுத்த வேண்டும்.

கணவன், மனைவி இருவரும் செய்ய வேண்டியது

புருஷன் கடலுக்கோ வயலுக்கோ வெளியூர் வேலைக்கோ போயிருப்பார். ஆபத்து அதைப் பார்த்து வருவதில்லை. ஆகவே வீட்டுப் பெண்மணிகளே, "மைக் பிடிப்பது ஆம்பளைங்க வேலை" என்று ஒதுங்காதீர்கள். கணவன்மாரே, தெரிந்ததை மனைவிக்கும் கற்றுக்கொடுங்கள்.

ஊராட்சி அலுவலகத்திலோ, கோயிலிலோ, மகளிர் குழுவிலோ செட் எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். சாவி இரண்டு வீட்டில் இருக்கட்டும். பேட்டரி காலியான நிலையில் கிடந்தால் செத்துப்போகும். ஆகவே மாதம் ஒரு தடவை சார்ஜ் ஏற்றுங்கள். மைக்குக்குப் புது பேட்டரி ஒரு ஜோடி எப்போதும் கைவசம் வையுங்கள். செட்டை எடுத்து வைக்கும்போது மைக்கில் உள்ள பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் மைக் பாழ்.

இன்னொன்று. காது கேளாதவர், படுக்கையில் கிடக்கும் முதியவர், மழைக்குக் கதவை அடைத்துக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளை பெற்றவள், இவர்களுக்கு எந்த மைக்கும் எட்டாது. உங்கள் தெருவில் அப்படி யார் இருக்கிறார்கள், அவர்கள் கதவைத் தட்டப் போவது யார் என்று இன்றைக்கே பேசி வையுங்கள். பேறுகாலம் நெருங்கிய கர்ப்பிணியைப் புயல் வருமுன்பே ஆஸ்பத்திரிக்குச் சேர்த்துவிடுவது உத்தமம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஐப்பசி மழை தொடங்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர்ச் செட்டை வெளியே எடுத்து, நீங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு தடவை பேசிப் பாருங்கள். கடைசி வீட்டில் கேட்கிறதா என்று ஒரு பிள்ளையை அனுப்பிக் கேட்டு வரச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்று வந்து சொன்னால், பெட்டியை அந்தத் தெருமுனைக்கே தள்ளிக்கொண்டு போய் மறுபடி பேசுங்கள்.